முக்திநாத்துக்கு வெளிக்கிடுமுன்: கொழும்பில் இருந்துகொண்டு மலைக்கு ஆயத்தமாதல்

நேபாளத்து மலையில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம் என்று வெள்ளவத்தையில் யாரிடமாவது சொன்னால் போதும், பேச்சு உடனே குளிருக்குத் தாவிவிடும். எந்தக் கடையில் நல்ல ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும், யார் வீட்டு அலுமாரியில் கனடாவிலிருந்து வந்த கம்பளிச்சட்டை சும்மா தொங்குகிறது, காதை மூடும் மங்கித் தொப்பி எங்கே வாங்கலாம் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். வருடம் முழுவதும் 27, 28 பாகையில் வியர்த்துக்கொண்டிருக்கும் ஊரில் மலை என்றதும் குளிர் மட்டுமே நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தபின், மலைப் பயணத்தில் மிகச் சுலபமாகச் சமாளிக்கக்கூடியது குளிர்தான் என்றே எனக்குப் படுகிறது. குளிர்ந்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொரு சட்டையைப் போட்டால் தீரும். சட்டை இல்லாவிட்டால் அங்கேயே வாங்கலாம். உயரமும் வறட்சியும் வெயிலும் அப்படி முன்னறிவித்துக்கொண்டு வருவதில்லை. அவற்றுக்கான ஆயத்தம் கொழும்பிலேயே, பயணச்சீட்டு வாங்குமுன்பே தொடங்க வேண்டும்.

நம்மைத் தவறாகப் பழக்கி வைத்திருப்பது நுவரெலியா. பாடசாலை விடுமுறைக்கும் சித்திரை மாதத்துக்கும் நாம் ஓடிப்போகும் மலை அதுதான். பனிமூட்டமும் தூறலும் ஈரம் ஊறிய குளிருமாக இருக்கும் அந்த ஊரை வைத்தே உலகத்து மலைகள் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொள்கிறோம். அப்பா இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். "நுவரெலியாக் குளிரிலை விடிய எழும்பித் தலைமுழுகினவன் நான், நீ எனக்குக் குளிர் சொல்லித் தாறியோ?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த இடமான பிதுருதாலகாலை 2,524 மீற்றர், அடியார்கள் விடியவிடிய ஏறும் சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். உயரத்தால் உடலுக்குக் கேடு தொடங்கக்கூடிய எல்லையாக மருத்துவர்கள் வைப்பது ஏறக்குறைய 2,500 மீற்றர். பிதுருதாலகாலையின் நுனியைத் தவிர முழுத் தீவும் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிடுகிறது என்பதை இந்த எண்களை அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன். உயர நோய் என்பது இந்தத் தீவைவிட்டு வெளியே போகாத ஒருவருக்கு அநேகமாக வரவே முடியாத நோய். பாட்டி வைத்தியத்தில் அதற்குக் கசாயம் கிடையாது. நமது குடும்ப வைத்தியர்களிலும் பெரும்பாலானோர் அதைப் பாடப்புத்தகத்தில்தான் சந்தித்திருப்பார்கள்.

மலையில் ஒட்சிசன் குறைவு என்று பொதுவாகச் சொல்வோம். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நுவரெலியாவில் இருக்கும். முக்திநாத் கோயில் அமைந்திருக்கும் 3,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அது மூன்றில் இரண்டு பங்கைவிடவும் குறைந்துவிடும். காலி முகத்திடலில் இழுக்கும் அதே அளவு மூச்சை அங்கே இழுத்தால் உடலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், நாடித் துடிப்பு கூடும், சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். இவை எல்லாவற்றுக்கும் நாட்கள் எடுக்கும், அந்த நாட்களைக் கொழும்பில் இருந்தபடி முன்கூட்டியே கழித்துவிட முடியாது. உடற்பயிற்சிக் கூடத்தில் எவ்வளவு ஓடினாலும் உயரத்துக்கு எதிரான காப்பு கிடைக்காது. நல்ல தேகக்கட்டுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால், மெதுவாக ஏறும் மாமாமாரைவிட அவர்களுக்கே சில வேளைகளில் முதலில் தலையிடி தொடங்கும்.

ஆகையால் முதல் ஆயத்தம் பயண அட்டவணையில் நடக்க வேண்டும். முக்திநாத்துக்குப் போகும் வழி போகராவில் தொடங்குகிறது. அந்த நகரம் ஏறக்குறைய 820 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து சிறு விமானத்தில் ஏறினால் அரைமணிக்குள் 2,700 மீற்றரில் இருக்கும் ஜொம்சொமில் இறங்கலாம். ஜீப்பில் போனால் ஒரு முழுநாள் எலும்பு குலுங்கும், ஆனால் வழியில் தாதோபானி, மார்பா போன்ற ஊர்களில் தங்கித் தங்கி ஏறலாம். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றில் மூன்றாம் நாள் ஜொம்சொம், நான்காம் நாள் காலை முக்திநாத் தரிசனம், அன்றே இறக்கம் என்று ஒரே மூச்சில் முடித்திருப்பார்கள். 3,000 மீற்றருக்கு மேலே போனபின் தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதுதான் மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட இரவில் எங்கே தலைசாய்க்கிறோம் என்பதே முக்கியம். முக்திநாத்தின் நல்ல அம்சம் என்னவென்றால் அங்கே தூங்கவேண்டிய கட்டாயமே இல்லை. ஜொம்சொமிலோ சற்று மேலேயுள்ள காக்பேனியிலோ இரண்டு இரவு தங்கி, காலையில் ஏறித் தரிசனத்தை முடித்துக்கொண்டு பின்னேரம் அதே இடத்துக்கு இறங்கிவிடலாம்.

எங்கள் பயணத்தை ஒழுங்கு செய்தவர் இந்த மேலதிக இரவை விரும்பவில்லை. "எல்லாரும் ஒரு இரவுதான் தங்குகினம், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றார். ஒன்றும் நடக்காதவர்களின் கதைதான் எப்போதும் திரும்பி வந்து சொல்லப்படும் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஓர் இரவுக்கு ஆன செலவு, நாங்கள் கொழும்பில் விலை விசாரித்த ஒரு ஜாக்கெட்டின் விலையைவிடக் குறைவு. அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்: பணம் மட்டுப்பட்டிருந்தால் சட்டையில் குறையுங்கள், இரவில் குறைக்காதீர்கள்.

உயர நோயின் அறிகுறிகள் தலையிடி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்று, அசதி, தூக்கமின்மை என்பவை. இவை ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருப்பதுதான் சிக்கல். தலைசுற்றினால் பித்தம். குமட்டினால் பஸ் பயணம். பசிக்காவிட்டால் அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கம் வராவிட்டால் புது இடம். இப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயரிட்டு ஒதுக்கிவிட்டால், எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது கடைசிவரை தெரியாது. 2,500 மீற்றருக்கு மேலே தலையிடியோடு இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை உயரத்தையே காரணமாகக் கொள்ள வேண்டும். மேலே ஏறாமல் நிற்க வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் இருமலும் நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளமாக இருக்கலாம். குதிக்காலும் விரல்நுனியும் தொடும்படி அடிமேல் அடிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவதும், பேச்சில் குழப்பம் தெரிவதும் மூளை வீங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும்.

தரிசனப் பயணத்தில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. முக்திநாத் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலமாக வைணவர்கள் அதைப் போற்றுகிறார்கள். பல வருட நேர்த்தியோடு வருகிறவர்கள் அங்கே அதிகம். இவ்வளவு தூரம் வந்து வாசலில் திரும்புவதா என்ற எண்ணத்தில் பெரியவர்கள் தலையிடியை மறைப்பார்கள். புறப்படுமுன்பே, வீட்டு மேசையில் இருந்துகொண்டு, யாருக்காவது முடியாமல் போனால் யார் கூட இறங்குவது, யார் மேலே போவது என்று பேசி முடித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் அபசகுனமாகப் பேசாதே என்று பெரியம்மா கோபித்தார். அப்பாதான் பேச்சைத் தொடரவைத்தார்.

வருமுன் காக்கும் மருந்தாக அசெற்றசோலமைட் இருக்கிறது. டயமொக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். வைத்தியரின் சீட்டோடு பம்பலப்பிட்டியில் ஒரு பாமசியில் கேட்டபோது, உள்ளே இருந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "கண் பிரஷருக்கோ அம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி; கண்ணழுத்த நோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து அது, கடலோர நகரத்தில் வேறு எதற்குக் கொடுத்திருக்கப் போகிறார்? பெரியவர்களுக்குத் தடுப்பு அளவாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும் கொடுப்பது வழக்கம். ஏறத் தொடங்குவதற்கு முதல்நாளே ஆரம்பிப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரக நோயாளிகளும் வேறு மாத்திரைகளை ஒழுங்காக எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது. விரல்நுனிகள் விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சுவை கெட்டுப்போனதாகத் தோன்றும். இவற்றை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் வராது. பயணத்துக்குக் கிழமைகளுக்கு முன்பே கொழும்பில் ஓரிரு நாள் எடுத்துப் பார்க்க முடியுமா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த ஒட்சிமீற்றர் பல வீடுகளில் இழுப்பறைக்குள் கிடக்கிறது, அதையும் கொண்டுபோகச் சொல்வார்கள். கொண்டுபோகலாம். ஆனால் அந்த நாட்களில் 94க்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மனதில் பதிந்துபோன எண், அந்த உயரத்தில் பொருந்தாது. 3,700 மீற்றரில் நல்ல சுகத்தோடு இருப்பவருக்கும் 90க்குக் கீழே காட்டுவது வழக்கம். விரல் குளிர்ந்திருந்தால் கருவி வாய்க்கு வந்ததைக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தவறு, எண் நன்றாக இருக்கிறது என்று தலையிடியை அலட்சியம் செய்வது அதைவிடத் தவறு.

நடைப்பயிற்சிக்குக் கொழும்பில் இடமில்லை என்று குறைப்படுவதை நான் ஏற்கமாட்டேன். மரைன் டிரைவில் விடியற்காலையில் நடக்கலாம், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றலாம், தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது: லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கினால் போதும். ஏறுவது நெஞ்சைப் பழக்கும், இறங்குவது முழங்காலையும் தொடைத் தசையையும் பழக்கும்; அடுத்தநாள் வலிப்பது எப்போதும் இறங்கியதால்தான். இதற்குச் சிவனொளிபாதமலையைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த நாட்டில் இல்லை. நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மார்கழி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை பருவகாலம். ஏறிய களைப்பைவிட, இறங்கி முடிந்ததும் கால்கள் வெடவெடவென்று நடுங்குகிறதா என்பதைக் கவனியுங்கள்.

சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு உறவினர் எப்போதோ கொண்டுவந்து கொடுத்த விலையுயர்ந்த மலைச்சப்பாத்து ஒன்று பல வீடுகளில் பெட்டிக்குள் புதிதாகவே இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நேரே விமானம் ஏறாதீர்கள். அவற்றின் அடிப்பாகத்துக்கு நடுவே மெத்தென்று இருக்கும் அடுக்கு பெரும்பாலும் பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. ஈரக்காற்று அதற்கு எமன். நீராவி மெல்ல உள்ளே புகுந்து அந்தப் பொருளின் இரசாயனப் பிணைப்புகளை உடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. கொழும்பில் கடலுக்கு அண்மையில் சில வருடங்கள் பூட்டிவைத்த ஒரு சோடியை என் மைத்துனர் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். முதலில் குதிக்கால் பக்கத்தில் வெடிப்பு விட்டது. விரலால் அழுத்தியபோது உள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் பொருபொருவென்று உதிர்ந்தது, வீடு திரும்புவதற்குள் ஒரு கால் அடியே கழன்று கையில் வந்துவிட்டது. போடாமல் வைத்ததுதான் அதைக் கெடுத்தது. அடிக்கடி போடப்படும் சப்பாத்து கூடக்காலம் நிற்கும். ஆகவே சப்பாத்தை மட்டும் கொழும்பிலேயே வாங்கி, தடித்த காலுறையோடு இரண்டு மாதமாவது நடந்து பழக வேண்டும். இறங்கும்போது விரல் முட்டாதபடி முன்னால் சற்று இடம் இருப்பது அவசியம்.

மற்ற உடுப்புகளுக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிர்கால உடுப்புகள் புறக்கோட்டையிலும் நுவரெலியா பேல் பஸாரிலும் கிடைக்கின்றன. தடித்த இறகு ஜாக்கெட்டைக் காத்மண்டுவில் தமேல் பகுதியில் வாடகைக்கே எடுக்கலாம். வெயில் நாட்டுக்காரருக்குச் சிரமமான ஒன்று பருத்தியைக் கைவிடுவது. பிறந்ததிலிருந்து பருத்தியே நல்லது என்று பழகியிருக்கிறோம். இங்கே அது உண்மையும்கூட. மலையில் பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற உடனே உடலைக் குளிரவைக்கும். உடலோடு ஒட்டும் முதல் உடுப்பு பொலியெஸ்டராகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்க வேண்டும், அதற்கு மேலே ஒரு ஃபிளீஸ், அதற்கும் மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி. அம்மா சேலையைத்தான் உடுத்துவேன் என்றார். உடுக்கட்டும் என்று விட்டோம். உட்பாவாடைக்குப் பதிலாகக் கணுக்கால்வரை ஒட்டிய தேர்மல் காற்சட்டை, அதற்கு மேலே பாவாடை, நூல்சேலைக்குப் பதில் சின்தெற்றிக் சேலை, ரவிக்கைக்கு மேலே முழுக்கைச் சுவெட்டர், முந்தானைக்கு மேலே சால்வை. ஜீன்ஸ் போட்டு வந்திருந்த என் தங்கைதான் முதலில் நடுங்கினாள்.

வறட்சியைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. தோல் வெடிப்பதை நாம் குதிக்காலில் மட்டும்தான் கண்டிருக்கிறோம். முக்திநாத்துக்குப் போகும் வழியான காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு பெரும் மலைகளுக்குப் பின்னால், மழை மறைவில் கிடக்கும் பிரதேசம். மூக்கினுள் காய்ந்து இரத்தம் கசியும், உதடு பிளக்கும், தொண்டை வறண்டு இரவில் இருமல் வரும். வசலீன் கட்டாயம். எண்ணெயும் வேண்டும், ஆனால் தேங்காயெண்ணெய் வேண்டாம். போகராவில் முதல்நாட் காலையிலேயே அம்மா குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து, "பிள்ளை, எண்ணெய் கல்லாப் போச்சு" என்றார். குப்பிக்குள் வெள்ளையாக உறைந்து, கழுத்துக்குள்ளால் ஒரு துளிகூட இறங்காமல் இருந்தது. 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கிவிடும். கொழும்பில் அப்படியொரு காலை நமக்கு அபூர்வம். நல்லெண்ணெய் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்.

தண்ணீர் விடயத்தில் வியர்வை நம்மை ஏமாற்றும். இங்கே சட்டை நனைவதைப் பார்த்துத்தான் தாகத்தை உணர்கிறோம். அங்கே வியர்வை தோன்றுமுன்பே காய்ந்துவிடும், ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியேறும், குளிரில் தாகமும் எடுக்காது. இதோடு, வழியில் நல்ல கழிவறை இருக்குமோ என்ற பயத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஜீப்பில் ஏறுவது நம் வழக்கம். வெட்கப்பட்டுப் பேசாமல் விடப்படும் இந்த விடயம்தான் பல தலையிடிகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எங்கே நிறுத்துவது என்பதைச் சாரதியிடம் காலையிலேயே பேசிவைத்துக்கொண்டு, மணிக்கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் சிலவும் பையில் இருக்கட்டும். தேத்தண்ணீரைப் பற்றி மட்டும் எதிர்பார்ப்பு வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் சாயம் நன்றாக இறங்காது.

"கறுத்தத் தோலுக்கு என்னத்துக்குச் சன்ஸ்கிரீன்?" என்பது எங்கள் வீட்டில் எழுந்த இன்னொரு கேள்வி. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். புதுப்பனி விழுந்திருந்தால் கீழிருந்தும் தெறித்து வரும். கறுத்த தோலுக்கு இயற்கையான காப்பு இருப்பது உண்மை, ஆனால் அது முழுக்காப்பு அன்று, கண்ணுக்கும் உதட்டுக்கும் அதுவும் இல்லை. இங்கே வெயில் சுட்டால் நிழலுக்கு ஒதுங்குகிறோம். அங்கே குளிர்காற்று சூட்டை மறைத்துவிடுவதால் வெயில் சுடுவதே தெரியாமல் இதமாக உட்கார்ந்திருப்போம். மாலையில்தான் மூக்கு எரியும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி குழந்தைகளுக்கும் வேண்டும். அது காற்றுக்கும் உதவும். 8,167 மீற்றர் உயரமான தௌலகிரிக்கும் 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவுக்கும் இடையே காளி கண்டகி ஆறு ஓடும் பள்ளத்தின் வழியாக, முற்பகல் கடந்ததும் மண்ணை வாரியடிக்கும் பெருங்காற்று எழும். ஜொம்சொம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பது இதனால்தான். ஒருநாள் விமானம் நின்றால் அடுத்தநாளும் நிற்கலாம் என்பதால், கொழும்புக்குத் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன் ஓரிரு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், இமயமலை எழுமுன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்கள் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். கடலோரத்திலிருந்து போகும் நமக்கு அதில் ஒரு உறவு இருக்கிறது.

காலம் தெரிவுசெய்வதில் ஐப்பசி, கார்த்திகை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வானம் துலக்கமாக இருக்கும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும். ஆனால் அதே மாதங்களில்தான் வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகின்றன. 2014 ஒக்ரோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து முக்திநாத்துக்கு மேலே, 5,416 மீற்றரில் இருக்கும் தொரொங் கணவாய்ப் பகுதியில் பெரும் பனிப்பொழிவாக விழுந்தது. மலையேறிகளும் வழிகாட்டிகளும் உள்ளூர்வாசிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திருகோணமலைக்கு மழை வருமா என்று பார்க்கும் அதே புயல் வரைபடத்தை, நேபாளம் போகுமுன்பும் பார்க்க வேண்டும்.

கோயிலுக்கு, ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து மேலே நடக்க வேண்டும். முடியாதவர்களுக்குக் குதிரை இருக்கிறது. கோயிலின் பின்புறம் அரைவட்டமாக 108 பசுமுகத் தாரைகள். பனி உருகிய நீர் கொட்டுகிறது. முன்னால் குண்டங்கள் எனப்படும் இரண்டு சிறு குளங்கள். எல்லாத் தாரைகளின் கீழும் ஓடிக் குளங்களிலும் முங்கி எழுவதை அடியார்கள் பெரும் புண்ணியமாகக் கருதுகிறார்கள். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. திடீர்க் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், அதுவும் ஒட்சிசன் ஏற்கெனவே குறைந்த இடத்தில். ஒவ்வொரு தாரையிலும் கைநனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போவதிலும் பலர் திருப்திப்படுகிறார்கள். அம்மா அப்படித்தான் செய்தார். முங்கியே தீருவேன் என்ற தம்பிக்குப் பெரிய துவாயும் மாற்றுடுப்பும் தலைக்குத் தொப்பியும் கையில் தயாராக வைத்திருந்தோம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும், பகலில் உட்சட்டைப் பைக்குள்ளும் இரவில் போர்வைக்குள்ளும் வைத்திருங்கள். கைபேசியையும் பவர் பாங்கையும் அப்படியே. பயணக் காப்புறுதியில் எத்தனை மீற்றர் வரை பொறுப்பேற்கிறார்கள், ஹெலிகொப்டர் மீட்பு அடங்குமா என்ற இரண்டையும் சிறிய எழுத்துவரை வாசியுங்கள். சார்க் நாட்டவருக்கு வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும். அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பிரதேச அனுமதிச்சீட்டிலும் நமக்குச் சலுகை உண்டு, கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, சோறும் பருப்பும் கீரையும் எங்கும் கிடைக்கும், கட்டைச்சம்பல் போத்தல் ஒன்று இருந்தால் அப்பாமார் முறைப்பாடு செய்யமாட்டார்கள்.

திரும்பி வந்தபின் இந்தச் சாமான்களைக் கொழும்பின் ஈரத்திலிருந்து காப்பாற்றுவது தனி வேலை. இறகு ஜாக்கெட்டை இறுக்கிச் சுருட்டிப் பையில் அடைக்காமல் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். கம்பளிக்கு வெயில் காட்டியபின் பூச்சிவில்லை போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். சப்பாத்தை அலுமாரியில் வைப்பதைவிட அளவு பொருந்தும் யாருக்காவது இரவல் கொடுப்பது மேல். என்னுடையதை ஒன்றுவிட்ட தம்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், தைப்பூசத்துக்குப் பிறகு சிவனொளிபாதமலைக்குப் போகிறானாம். கழுவிக் காயவைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.